மூன்று ஜோடி

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது இன்றைக்குத்தான். துக்கம் என்பதால் இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. லீவுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகலாம் என்று மகனும் மகளும் போனில் ரிசார்ட் தேடினார்கள்.

"ஊஞ்சல் இருக்குறதா பாருடா. உன் மகனை எம்புட்டு நேரம் நான் சுமக்க?" என்றாள் மகள்.

ஒன்று பிடித்துப்போய் மகன் போன் போட்டான். ஸ்பீக்கரில் ரிசார்ட்காரர், "எத்தனை கப்பிள்ஸ் சார்?" என்று கேட்டார்.

"மூணு" என்றான். பழக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டுண்ணே. அம்மாவுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ட்ரா பெட்" என்றான்.

குக்கரை அணைக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். மகன் பின்னாலேயே வந்தான்.

"அம்மா, நீயும் வாரேல்ல?"

அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. "வாரேன்டா" என்றேன்.

இங்கே கட்டிலில் இன்னும் அவர் இடத்தை விட்டுவிட்டுச் சுவரோரமாகத்தான் படுக்கிறேன். அங்கே போடுவது ஒற்றை மெத்தையாம். அதில் அவருக்கு எங்கே இடம் விடுவேன்.