சம்பந்தி வீட்டில் ஒரு பரீட்சை

பாளையம்பட்டி,
ஜூன் 8.

அன்புள்ள மருமகப்பிள்ளை சாதிக் அவர்களுக்கு மாமா காசிம் எழுதிக்கொள்வது. உங்கள் மேல் இறைவனின் சாந்தி என்றும் இறங்கட்டும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. முக்கால்வாசி சரிதான். உங்கள் மாமிக்கு முட்டிவலி வழக்கம்போல இருக்கிறது. மழை பேருக்கு ஒரு நாள் தூறிவிட்டுத் திருச்சுழிப் பக்கம் போனது, அங்கேயும் போய்ச் சேரவில்லையாம். கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் வரத்து குறைவு. ஏலம் கூறுகிற எனக்குத் தொண்டை மிச்சம். தம்மாமில் வெயில் எப்படி என்று கேட்கமாட்டேன். நான் கேட்டு அது குறையவா போகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் தெரு சகாபுதீன் வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அது ஒரு காரணம். இன்னொன்று என் குரல். வருஷக்கணக்காக ஏலம் கூறிப் பழகிய குரல், நான் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். அந்தக் குரல் உங்கள் வீட்டில் செய்துவிட்டு வந்த வேலை போதும். அதனால் பேனாவை எடுத்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஜன்னத்தின் பரீட்சை நாளில் நடந்ததை உங்கள் அம்மா சொல்லியிருப்பார்கள். “நான் பட்டினியா வாசல்ல நிக்கிறேன், உம் பொண்டாட்டி ஒரு தடவ திரும்பிப் பாக்கல” என்று உங்களிடம் சொன்னதாக என் காதுக்கும் வந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர்கள் நின்றார்கள். இவள் திரும்பவில்லை. ஆனால் ஏன் திரும்பவில்லை என்பது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது, அன்று எனக்கும் சரியாகத் தெரியாது. அதை எழுதத்தான் இத்தனை சுற்று.

போன வருஷம் லீவில் வந்தபோது நீங்கள்தான் அவளை இந்த ஆன்லைன் எம்.எஸ்ஸி. கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். முடித்தால் தம்மாமில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம், இருவரும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சேர்ந்த பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தார் ஒரு விதிப் புத்தகம் அனுப்பினார்கள். அதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எனக்கே இப்போதுதான் ஜன்னத் தமிழில் சொல்லிப் புரியவைத்தாள்.

வகுப்பு நேரத்தில் முகம் தெரிய வேண்டும். வாரா வாரம் கலந்துரையாடலில் ஏதாவது எழுத வேண்டும், சும்மா ‘நன்றி ஐயா’ என்று எழுதினால் கணக்கில் வராது. கரண்ட் போனது, நெட் போனது என்பதெல்லாம் அவர்களுக்குக் காரணமே இல்லை. அதை எழுதியவர் ஒரு சித்திரை மாதம் உங்கள் பந்தல்குடி வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். பரீட்சைக்கு இன்னும் மேலே. தனி அறை, மூடிய கதவு. ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும், மேஜைக்கு அடியையும் சுற்றிக் காட்ட வேண்டும். பிறகு மூன்று மணி நேரம் முகம் திரையை விட்டு நகரக் கூடாது. பக்கத்தில் பார்த்தால் மிஷின் குறித்துக்கொள்ளும். வாய் அசைந்தால் குறித்துக்கொள்ளும். வேறு ஆள் குரல் கேட்டால் பரீட்சையே செல்லாது. எங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்த மிஷின் இருந்திருந்தால் எங்கள் பெஞ்சில் ஒருத்தனும் வெளியே வந்திருக்கமாட்டான்.

உங்கள் வீட்டில் முன்னறை வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும், வர வேண்டும். லாரி ஹாரன் வேறு. அதனால் உங்கள் அம்மாவே வந்து, “எங் கட்டில வெளிய போட்டுக்கிறேன், நீ எம் ரூம்புல உக்காந்து எழுதும்மா” என்று தன் அறையைக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, தானாகக் கொடுத்தார்கள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர்களே இதைச் சொல்லமாட்டார்கள். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாத்தினால் மெதுவாகத் திறந்துகொள்ளும். முதல் நாலு பரீட்சையும் உங்கள் அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு காலைக் கதவில் முட்டுக் கொடுத்தபடி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்களாம். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஐந்தாவது பரீட்சைக்கு நான் வந்தேன். கடைசிப் பரீட்சை, காவலுக்கு அத்தா வேண்டாமா என்று எனக்கே ஒரு நினைப்பு. யாரும் கூப்பிடவில்லை. “நீங்க செத்த நேரம் படுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று உங்கள் அம்மாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டில், சம்பந்தி நாற்காலியில்.

பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உங்கள் தூத்துக்குடி மாமா மக்ரூன் பெட்டியோடு வந்தார். வந்தவர் தெருவாசலிலேயே சத்தமாக சலாம் சொன்னார். நான் விரலை வாயில் வைத்து அவரை முன்னறையிலேயே நிறுத்தினேன். அவர் முகம் சுருங்கியது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் அம்மா வந்து, சுகர் மாத்திரை உள்ளே பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன், அன்று எனக்குக் கலெக்டர் பங்களா வாட்ச்மேன் என்ற நினைப்பு. “கொஞ்சம் பொறுக்க மாட்டீகளா, எம் மக வாழ்க்கையே இதுல இருக்கு” என்றேன்.

உங்கள் அம்மா சத்தம் போடவில்லை. “அப்ப நாங்க அவ வாழ்க்கையில இல்லையாண்ணே” என்று மட்டும் கேட்டார்கள்.

நான் பதறிப்போய் எழுந்ததில் நாற்காலி நகர்ந்து கதவு திறந்துகொண்டது. உள்ளே ஜன்னத் முதுகு தெரிந்தது. உங்கள் அம்மா அங்கேயே நின்றார்கள். அவள் கூப்பிடுவாள், இல்லாவிட்டால் தலையையாவது அசைப்பாள் என்று பார்த்தார்கள். அவள் அசையவில்லை. உங்கள் அம்மா போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பரீட்சை முடிகிற வரை சாப்பிடவும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த அவர்கள் அண்ணனும் சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போனார்.

ஜன்னத்துக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. திரும்பினால் செல்லாது, வாய் திறந்தால் செல்லாது. “மாமி கேட்டது கேட்டுச்சு அத்தா. அதுக்கப்புறம் என்ன எழுதுனேன்னே தெரியல” என்று பிறகு சொன்னாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியதைக்கூட அந்த மிஷின் குறித்து வைத்திருக்கிறது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், பரீட்சை அப்படியும் செல்லவில்லை. வேறு குரல் கேட்டதாம். யார் குரல்? சத்தம் போடாதீர்கள் என்று வந்தவர் போனவர் எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்த என் குரல்தான்.

முடித்து வெளியே வந்தவள் நேரே அடுப்படிக்குத்தான் போனாள். உங்கள் அம்மா, “ஒண்ணுமில்லம்மா, நீ அத்தா வீட்டுல போயி நாலு நாளு நிம்மதியா இரு” என்றார்கள். எவ்வளவு நல்ல மனசு என்று நான் நினைத்தேன், மருமகப்பிள்ளை. அதே சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் மாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “போகச் சொன்னா கூட்டிட்டு வந்துருவீகளா? இவ போகலன்னு சொல்லணும்னுதானே அவுக போகச் சொன்னாக” என்றாள். எனக்கு அது புரியவே இரண்டு நாள் ஆனது. நாலு நாள் என்று வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். தெருவில் கேட்கிறவர்களிடம் பரீட்சை லீவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்க நான் பந்தல்குடிக்குப் போகாமல் இல்லை. உங்கள் அம்மா நல்ல டம்ளரில் டீ கொடுத்தார்கள். மழையைப் பற்றிக் கேட்டார்கள், வத்தல் விலையைப் பற்றிக் கேட்டார்கள், மாமியின் முட்டியைப் பற்றிக் கேட்டார்கள். ஜன்னத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பேச்செடுத்தபோது, “சாதிக் என்ன சொல்றானோ அதாண்ணே” என்றார்கள். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தெம்பாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வருகிற பத்தொன்பதாம் தேதி காலையில் ஆன்லைனில் விசாரிக்கிறார்கள். கேட்டது யார் குரல், என்ன பேசினார்கள், விடை ஏதும் சொல்லிக் கொடுத்தார்களா என்று வீட்டில் இருந்தவர்கள் சொல்ல வேண்டும். நான் சொல்லுவேன். நான் மட்டும் போதாது, பதிவில் கேட்ட இன்னொரு குரல் யாருடையதோ அவர்களும் சொல்ல வேண்டுமாம், அது உங்கள் அம்மா குரல். சொன்னால் அந்தப் பரீட்சையை மட்டும் மறுபடி எழுதலாம். சொல்லாவிட்டால் காப்பி அடித்ததாகவே எழுதி, ஒரு வருஷத்துக்கு வெளியே நிறுத்துவார்கள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவள் பேருக்கு எதிரே அது நிற்கும்.

உங்கள் அம்மா உங்களோடு வீடியோவில் பேசும்போதே முக்காட்டைச் சரிசெய்தபடி பேசுகிறவர்கள். முன்பின் தெரியாத மூன்று பேராசிரியர்கள் முன்னால் எப்படி வந்து உட்காருவார்கள்? இதை ஜன்னத் எனக்கு முன்பே யோசித்திருக்கிறாள். எங்கள் மாமியைக் காமிராவில் காட்டச் சொல்லாதீர்கள் என்று குழுவுக்கு எழுதி, முகம் வேண்டாம், குரல் போதும் என்று பதிலும் வாங்கிவிட்டாள். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். மாமியிடம் கேளும்மா என்றால், “பசியோட நின்னவகட்ட போயி எனக்காகச் சாட்சி சொல்லுங்கன்னு எந்த வாயால கேப்பேன்? படிப்பு போனா போகட்டும் அத்தா” என்கிறாள். நான் கேட்கிறேன் என்றால், “நீங்க பேசுனது போதும்” என்கிறாள். நியாயம்தானே.

ஆகவே மிச்சம் இருப்பது நீங்கள்தான். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை திரும்பாமல் இருந்தது திமிர் இல்லை, அந்தப் பரீட்சையின் விதி என்று நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். குற்றம் முழுக்க இந்தக் காசிமுடையது, அவர்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், நான் வாசலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்றும் எழுத வேண்டும். படிப்பை நிறுத்து என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள், மறுபேச்சு பேசமாட்டாள். அதனால்தான் அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு அங்கே வேலை அதிகம், டூட்டி மாறியிருக்கும், ஜன்னத்துக்கு போன் செய்ய நேரம் கிடைத்திருக்காது. உங்கள் மாமியிடம் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் என்கிறாள்.

அம்மாவிடம் பேச உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், போகட்டும், பத்தொன்பதாம் தேதியும் போகட்டும். அதற்காக ஜன்னத்தோடு பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்த நேரமானாலும் சரி. ராத்திரியும் பகலும் செல்லைக் கையிலேயே வைத்திருக்கிறாள், சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏம்மா என்று கேட்டால் கிளாஸ் இருக்கிறது என்கிறாள். இப்போது அவர்களுக்கு கிளாஸ் ஒன்றும் கிடையாது, மருமகப்பிள்ளை. பரீட்சை முடிந்தால் ஒரு மாதம் வகுப்பு இல்லை என்று விதிப் புத்தகத்தில் இருப்பதை அவளேதான் எனக்குத் தமிழில் சொன்னாள், அது எனக்கு நினைவிருப்பது அவளுக்குத் தெரியாது.

அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் வாழ வைப்பானாக.

தொழுகையில் உங்கள் பேரைத் தினமும் சொல்லுகிற,
மாமா காசிம்.