அண்ணி கோடு

பழைய தேக்கை இழைத்தால் ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியாததல்ல. தோலும் எண்ணெயும் கலந்த மாதிரி, கொஞ்சம் புளிப்பாக. இன்று காலையிலிருந்து கொட்டகை முழுக்க அந்த வாசனைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையில் இருக்கும் அதே வாசனை. முன்பெல்லாம் அது மூக்கில் பட்டால், நீங்கள் வேலையை முடித்துவிட்டீர்கள், இனி காபி கேட்பீர்கள் என்று அர்த்தம். இன்று இழைத்தது நான். காபியும் நானே போட்டுக் குடித்தாயிற்று.

உங்கள் பெயரை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ரேஷன் கார்டு பாரத்தில் ஒருமுறை எழுதினேன், உங்கள் இறப்புச் சான்றிதழுக்கு ஒருமுறை. அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். நான் ஒரு கோடுகட்டை செய்துகொண்டிருக்கிறேன். கடையில் மார்க்கிங் கேஜ் என்று கேட்டால் தருவார்கள். நம் வீட்டில் அதற்குக் கோடுகட்டை என்றுதான் பெயர். நீங்கள் செய்தது என்ன ஆயிற்று என்கிறீர்களா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி கருவிப் பெட்டியை அப்படியே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டார். "அண்ணன் ஞாபகமா இருக்கட்டும். ஒங்களுக்கு இன்னாத்துக்கு அண்ணி, ஆம்பள சாமான்?" என்றார். இழைப்புளி மட்டும் சமையல் மேடைக்கு அடியில் கிடந்ததால் தப்பியது. ரம்பம், ஓர் உளி, அரம், மூலைமட்டம் எல்லாம் புத்தூருக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன்.

ஆம்பள சாமானாம். அந்தக் கோடுகட்டையை உங்கள் கை எவ்வளவு நேரம் பிடித்தது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அதைச் செய்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பது வயதிலேயே உங்கள் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ரம்பம் பிடித்தால் தெரியாது, இழைப்புளி பிடித்தால் தெரியாது. பென்சிலைப் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ரீசிட்டியில் நீங்கள் வேலை பார்த்த கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயந்தீர்கள். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகிக்கொண்டீர்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது, உங்கள் தங்கைக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் என்னைக் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

அன்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கட்டையை எடுத்து நடுவில் சதுரமாகத் துளை போட்டீர்கள். அந்தத் துளைக்குள் வழுக்கிப் போகிற மாதிரி முக்கால் அடியில் ஒரு குச்சி. குச்சி நகராமல் இறுக்க ஓர் ஆப்பு. குச்சியின் நுனியில் ஓர் ஆணியை அடித்து, தலையை வெட்டி, அரத்தால் கத்தி போலத் தேய்த்தீர்கள். அவ்வளவுதான் கருவி. கட்டையை மரத்தின் ஓரத்தில் ஒட்டி இழுத்தால், ஓரத்தோடு ஒரே தூரத்தில் ஆணி கோடு கீறிக்கொண்டே வரும். "இதுல நடுங்கற கையும் நேரா போவும், பாரேன்" என்றீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் புதுப் பேனா கிடைத்தமாதிரி முகம்.

இழுத்தீர்கள். பாதி தூரம் போய்த் துள்ளியது. மறுபடி இழுத்தீர்கள், மறுபடி துள்ளியது. நாலாவது தடவைக்குப் பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினீர்கள். "ஏமே, இத்த புடி."

பிடித்து இழுத்தேன். தலைமுடி விழுந்தமாதிரி கோடு விழுந்தது. நீங்கள் விரலால் தடவிப் பார்த்து "ம்" என்றீர்கள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த பட்டம் அந்த "ம்" ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நம் கொட்டகையில் செய்த எல்லாவற்றிலும் கோடு என்னுடையது. உங்கள் தம்பி வீட்டு ஜன்னல், எதிர்வீட்டுக் கட்டில், கோயிலுக்குக் கொடுத்த உண்டியல் பெட்டி, எல்லாம். கொட்டகையில் ஒரே ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் நேராக, கோணல் இல்லாமல் இருக்கிற பக்கத்தைப் பார்த்து நீங்கள் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி போடுவீர்கள். உங்கள் உ குளிரில் வெடவெடப்பது போல இருக்கும். அதுதான் அந்த மரத்துக்கு முகம். எல்லாக் கோடும் அந்த முகத்திலிருந்துதான் அளக்க வேண்டும். ஒன்றை முகத்திலிருந்தும் ஒன்றை முதுகிலிருந்தும் அளந்தால் பொருத்து நிற்காது. முகம் பார்ப்பது உங்கள் வேலை, கீறுவது என் வேலை. உ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கட்டையை ஒட்டுவேன். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

உங்கள் தங்கை திருப்பதியில் வீடு கட்டினாள். பூஜை அலமாரி அண்ணன் கையால்தான் வேண்டும் என்றாள். அந்த மாதம் கம்பெனியில் உங்களுக்கு ஓவர்டைம். ஒரு கதவைக்கூட இங்கே மாட்டிப் பார்க்க நேரமில்லை. அறுத்த சட்டங்களை அப்படியே கட்டி, குட்டியானை வேனில் ஏற்றி, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் கிளம்பினோம். வழியில் போலீஸ்காரர் தார்ப்பாயைத் தூக்கி "இதேம் கர்ர?" என்றார், இது என்ன மரம் என்று. செம்மரமாக இருந்துவிடுமோ என்று அவருக்குச் சந்தேகம். தேக்குதான் என்பதை "டேக்கு சார், டேக்கு" என்று நீங்கள் கும்பிட்டுக்கொண்டே சொன்னதை நினைத்து நாகலாபுரம் வரை சிரித்துக்கொண்டு போனோம். நாம் சேர்ந்து சிரித்த கடைசிப் பயணம் அது என்று இப்போது தோன்றுகிறது.

சாயங்காலம் கூடம் நிறைய சொந்தக்காரர்கள். இடது கதவை மாட்டினீர்கள். பொருத்து எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு சுத்தம். உங்கள் தங்கையின் பக்கத்து வீட்டுப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு "எவரு சேசாரண்டி?" என்று கேட்டார். யார் செய்தது என்று கேட்டவருக்கு, "அந்தா நேனே" என்றீர்கள். எல்லாம் நானேதான் என்று. நான் காபித் தட்டோடு பின்னால் நின்றேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்த நடுக்கத்தை மறைக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டேன்.

காபி ஆறுவதற்குள் வலது கதவுக்கு வந்தீர்கள். ஓரச்சட்டம் இரண்டு நூல் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. தட்டினீர்கள், திருப்பினீர்கள், மறுபடி தட்டினீர்கள். கால் அங்குலம் எங்கே அசையும்? உங்கள் தங்கை, "இன்னாண்ணா, வூடு பூந்துக்கற நேரத்துல சாமி கதவு மூட மாட்டேங்குது" என்று கண் கலங்கினாள்.

அப்போது நீங்கள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன். "நான் கரெக்டாத்தான் அறுத்தேன். கோடு போட்டது இவ."

அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான்தான் கோடு போடுகிறேன் என்று நீங்கள் ஊருக்குச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. "அவருக்குக் கை நடுங்கும், அதனால்தான் நான் கோடு போடுகிறேன்" என்று நான் ஒரு வாய் திறந்திருந்தால் உங்கள் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். திறக்கவில்லை. மறுநாள் சாமிக்கு ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் மஞ்சள் துணி.

ஊருக்குத் திரும்பியதும் அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனீர்கள். அரைமணி கழித்து வெளியே வந்தீர்கள். "தப்பு எங்கங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் "கோடு நகந்து போச்சி. பாத்துப் போடணும்மே" என்றீர்கள். புது மரத்தில் வேறு சட்டம் செய்தோம். அதற்கும் நான்தான் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை சரிபார்த்தேன், என் கைமேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது.

அன்றிலிருந்து உங்கள் குடும்பத்தில் கோணலாக இருக்கிற எல்லாவற்றுக்கும் 'அண்ணி கோடு' என்று பெயர். கோலம் கோணினால் அண்ணி கோடு. தோசை வட்டமாக வராவிட்டால் அண்ணி கோடு. உங்கள் தங்கை வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்தபோதுகூட, "சாமி கதவு அன்னிக்கே சொல்லிச்சி" என்று அவள் போனில் அழுததை நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டீர்கள். ஒன்பது வருஷம். ஒவ்வொரு பந்தியிலும் அந்தக் கேலிக்கு நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் வீட்டில் ஆடியவர் நீங்கள், கோணலானது நான்.

போன வருஷம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழவில்லை. நான் அழுதேன், அதில் கலப்படம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் துணி தைக்கிற பெண், நூல்கண்டு போட்டுவைக்க ஒரு பெட்டி செய்துதர முடியுமா என்று என்னைக் கேட்டாள். உங்களை அல்ல, என்னை. சம்மதித்துவிட்டு, மரம் தேடிக் கொட்டகைப் பரணில் ஏறினேன். ஓட்டை வாளி, சைக்கிள் டயர் எல்லாவற்றுக்கும் பின்னால், சாக்கில் சுற்றி, அந்தச் சட்டம் இருந்தது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நான் கீறிய கோடு, ஒரு மயிர் நகரவில்லை. அந்தக் கோட்டை நான் அளந்த பக்கத்தில், கீழ் முனையில் ஓர் உ. உங்கள் உ. அதன்மேல் இழைப்புளி ஓடியிருக்கிறது. கை நடுக்கத்திலோ அவசரத்திலோ, பாதிதான் போயிருக்கிறது. சட்டத்தைத் திருப்பினேன். எதிர்ப்பக்கத்தில், மேல் முனையில் இன்னொரு உ. முழுசாக. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், அந்தப் பக்கம்தான் நேர். அதுதான் முகம்.

ஆக, முதலில் நீங்கள் முதுகில் சுழி போட்டீர்கள். பொருத்துக்கான துளை முகத்திலிருந்து மூன்று நூல், முதுகிலிருந்து ஐந்து நூல் தள்ளி இருக்க வேண்டும். மாறினால் இரண்டு நூல் தள்ளும். நான் உங்கள் உ-வை நம்பிக் கீறினேன். அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் சரியான முகத்தைக் கண்டுபிடித்து, வழக்கம்போலச் சுழியும் போட்டு, பிறகு பழைய சுழியை இழைக்கப் பார்த்திருக்கிறீர்கள். தப்பு செய்தீர்கள் என்பதில் எனக்குக் கோபமில்லை, யார்தான் செய்யவில்லை? தெரிந்துகொண்டு வெளியே வந்து "பாத்துப் போடணும்மே" என்றீர்களே, அதுதான் ஆறவில்லை. உங்கள் நடுக்கத்தை நான் பத்து வருஷத்துக்கு மேல் மறைத்தேன். நீங்கள் என் நேர்க்கோட்டைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டீர்கள்.

சென்ற வாரம் உங்கள் முதல் தெவசம். எல்லோரும் வந்திருந்தார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, பழக்கத்தில், "எல வரிசையப் பாருங்க, அண்ணி கோடு கணக்காவே கீது" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். மாலை போட்ட படத்தில் நீங்களும் சிரித்தபடிதான் இருந்தீர்கள்.

இலைக்கட்டைக் கீழே வைத்தேன். கொட்டகைக்குப் போய்ச் சட்டத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். உங்கள் கை நடுக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த உ தப்பு, இந்த உ சரி, இது அவர் அழிக்கப் பார்த்தது என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒன்பது வருஷமாக அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

அவள் குனிந்து முழு உ-வை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கதறினாள். "எங்கண்ணன் எழுத்து! கை நடுங்கிக்கினே எழுதிக்கீறாரே அண்ணி... இத்த எனக்குக் குடுத்துடுங்க." உங்கள் தம்பி என் பக்கம் குனிந்து, "செத்துப் பூட்டவரப் பத்தி இப்போ இன்னாத்துக்கு அண்ணி?" என்றார். பிறகு எல்லோரும் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்கள். வடை நன்றாக இருந்ததாம்.

அவர்களுக்கு என்மேல் வஞ்சம் இல்லை. பாசத்தால் காது அடைத்துப் போனவர்களிடம் எதைச் சொல்லி என்ன? கேட்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள், உங்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேரப்போவதும் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த இடது கதவைக் காட்டி "கோடு இவ போட்டது" என்று சொல்லியிருந்தால், வலது கதவுக்கு நான் ஆயுசுக்கும் பழி சுமந்திருப்பேன்.

உங்கள் தங்கை கிளம்புமுன் சட்டத்தை ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். முழு உ இருக்கிற துண்டை அவளிடம் கொடுத்தேன். அதைத் தன் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டிருப்பதாக நேற்று போனில் சொன்னாள். வைக்கட்டும். நீங்கள் உண்மையைத் தெரிந்துகொண்ட அடையாளத்துக்குத்தான் அவள் தினமும் விளக்கேற்றுகிறாள், அவளுக்கே தெரியாமல்.

பாதி அழிந்த உ எனக்கு. அந்தத் துண்டிலிருந்துதான் இன்று கோடுகட்டையின் குச்சியைச் செதுக்கினேன். மூன்று பக்கம் இழைத்தேன். உ இருக்கிற பக்கத்தில் இழைப்புளி வைக்கவில்லை. ஆப்பை இறுக்கி, ஆணியைத் தேய்த்து, தையல்காரப் பெண்ணின் பெட்டிப் பலகையில் சற்றுமுன் முதல் கோடு இழுத்தேன். இழுக்கும்போது உங்கள் உ சரியாக என் கட்டைவிரலுக்கு அடியில் வருகிறது. கோடு நேராகத்தான் போயிருக்கிறது. நானே விரலால் தடவிப் பார்த்து, நானே "ம்" சொல்லிக்கொண்டேன்.