அண்ணனின் தொப்பி

வெள்ளி, இரவு. கலஹா.

காலையில் கடைசிப் பரீட்சை முடிந்தது. பரிமாற்ற மாணவியாக நான் இலங்கைக்கு வந்த பருவமும் முடிந்தது. அறைத்தோழி செல்வி பேராதனையிலிருந்து பஸ்ஸில் தன் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வழியெல்லாம் நான்தான் பேசினேன். மதுரைக்குப் போனதும் அப்பாவிடம் பித்தளை விளக்கைக் கொடுக்க வேண்டும் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

வாசலில் அவள் அம்மா வெந்நீரோடு நின்றார்.

"உள்ள வராத புள்ள. மொதல்ல தலைக்கு ஊத்திக்க."

எதற்கென்று கேட்டேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கப்பா போன திங்கக்கெழமையே தவறிட்டாருடி. பரீட்ச முடியிற வரைக்கும் சொல்லாதீங்கன்னு ஒங்க அண்ணன்தான் கெஞ்சினாரு."

யார் கேட்டார்கள் இந்தப் பரீட்சையை?

போன புதன்கிழமை பிலிமத்தலாவைப் பித்தளைக் கடையில் நின்று, அண்ணனுக்கு வீடியோவில் விளக்கைக் காட்டினேன். அப்பா தூங்குகிறார் என்றான். காதுவரை தொப்பி போட்டிருந்தான்.

"மதுர வெயில்ல தொப்பியாண்ணே? முடி கொட்டிருச்சா? கழட்டு பாப்போம்" என்று விடாமல் கிண்டல் செய்தேன்.

முந்தின நாள்தான் கொள்ளி வைத்து மொட்டையடித்திருக்கிறான். நான் சிரிக்கச் சிரிக்க அவனும் சிரித்தான். "வெளக்கு அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்டி" என்றான்.

இப்போது வீடியோவில் அழைத்துக்கொண்டே இருக்கிறான். எடுக்கக் கை வரவில்லை. இன்று தொப்பி போட்டிருக்க மாட்டான்.