உன்னைத் தேடிப் பறந்தது குற்றமாம்

என் ஆசை அண்ணே,

நீ கடலோடு போய் நாற்பது நாள் ஆகிறது. இன்றைக்குப் புதுச்சேரி கலெக்டர் ஆபீசில் விசாரணை நடந்தது. உன்னை ஏன் நேரத்துக்குத் தேடவில்லை என்றா விசாரித்தார்கள்? அதுதான் இல்லை. உன்னைத் தேடி ஏன் விமானம் பறந்தது என்று விசாரித்தார்கள்!

கட்டுமரம் திரும்பாத அன்றே நானும் அண்ணியும் அந்த ஆபீசுக்கு ஓடினோம். கடலில் தேடுவது பட்டாளத்து விமானத்தின் வேலை, தந்தி கொடுத்திருக்கிறோம், உத்தரவு வரும் என்றார்கள். மறுநாள் போனால், காணாமல் போனது நம் எல்லையிலா தமிழ்நாட்டு எல்லையிலா என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். கடலில் எவன் அண்ணே வேலி போட்டான்?

மூன்றாம் நாள் விடிந்ததும் பாகூருக்குப் போனேன். கரும்புக்கு மருந்தடிக்கிற கம்பெனி விமானம் அங்கே பொட்டலில்தான் இறங்கும். அதை ஓட்டுகிற மலையாளத்துப் பைலட் என்னிடம் மீன் வாங்குகிறவர், பேரம் பேசியே உயிரை எடுப்பவர். அன்று கூடை இல்லாமல் போய் நின்றேன்.

"சார், எங்கண்ணன் கடல்ல கெடக்குறான். ஒரு சுத்து பாத்துட்டு வாங்க சார்."

"எந்தப் பக்கம்?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"எங்க வீராம்பட்டினத்துக்கு நேரா பாக்காதீங்க. இப்ப நீரோட்டம் வடக்க இழுக்குது. காலாப்பட்டுக்கு நேரா, கரை தெரியாத தூரத்துல பாருங்க."

அங்கேதான் இருந்தார்கள். விமானம் வட்டமடித்துக் காட்ட, நம் ஊர் விசைப்படகு போய் உன்னோடு வந்த குப்பனையும் வேலுவையும் தூக்கி வந்தது. அன்று விடியும் வரைக்கும் நீயும் கவிழ்ந்த மரத்தைப் பிடித்திருந்தாயாம், குப்பன் சொல்லிச் சொல்லி அழுதான். அந்தப் பாகூர் ஞாபகம் எனக்கு முதல் நாளே வந்திருக்கக் கூடாதா?

இப்போது பைலட்டின் லைசென்சைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். கம்பெனி முதலாளியும் அவரைக் கைகழுவிவிட்டார். பைலட் தானாகவே கடலுக்குப் போனார் என்று எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார் அதிகாரி.

"இது ராணுவத்தோட வேலைம்மா. தனியார் செய்யக் கூடாது."

"நானும் அதத்தான் சார் சொல்றேன். அவுங்க வேலைன்னா அவுங்க ஏன் வரல? வாடகைக்குப் பறக்குற கம்பெனிய நம்பி நாங்க கடலுக்குப் போவ முடியாது. நாளைக்கு அவன் காசில்லாத எங்க மூஞ்சிக்கா வருவான்? பட்டாளம்தான் வரணும். வர முடியலன்னா, போறவன வுடுங்க. தானும் படுக்காம தள்ளியும் படுக்காம இருந்தா எப்படி சார்?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். 'தானாகவே' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: 'நான் கூப்பிட்டேன், வந்தார். குற்றம் என்றால் என்மேல் போடுங்கள்.' அண்ணி பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். எனக்குப் பயமே வரவில்லை அண்ணே, கோபம்தான் வந்தது.

நாளைக்கு வேலு மறுபடி கடலுக்குப் போகிறான். அவன் நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் பட்டாளத்துக்கும் தந்தி கொடுக்கச் சொல்வேன். அந்தத் தந்தி போய்ச் சேருவதற்குள், விமானம் வைத்திருக்கிற எவன் கதவையும் தட்டுவேன். உத்தரவு வரட்டும் என்று இனி ஒரு பொழுதும் கரையில் உட்கார மாட்டேன், இது கடல்மேல் ஆணை.

இரண்டு நாள் காத்திருந்து உன்னைப் பறிகொடுத்த தங்கச்சி,
அஞ்சலை