மவுத்துச் செய்திக்கு மேலே ஒரு சூதாட்டப் படம்

உன் கைபேசி என் மேசையில் இருக்கிறது. உறையைத் திறந்தால் ஜும்ஆவுக்கு நீ பூசும் அத்தர் இன்னும் மணக்கிறது. அந்த மணத்தோடு நீ போன பிறகு நடந்ததும் நினைவுக்கு வருவதால், எனக்கு வருவது அழுகையல்ல, குமட்டல். ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ மவுத்தாகி, அடக்கமும் முடிந்து சில வாரங்களில் கட்டாரிலிருந்து ஒருவர் அழைத்தார், மருதமுனைக்காரர். “உங்கட கூட்டாளிட தளத்தில எங்கட உம்மாட ஜனாஸா அறிவித்தல் கிடக்கு. அதுக்கு மேல என்ன படம் போட்டிரிக்காங்கண்டு பாருங்க” என்றார். திறந்து பார்த்தேன். ஊர்ச் செய்திக்காக நீ இத்தனை வருடம் நடத்திய இணையத்தளம். அந்தத் தாயின் மரண அறிவித்தலில், பெயருக்கு மேலே, தங்கக் காசுகள் கொட்ட, அரைகுறை உடையில் ஒரு பெண் சிரித்தபடி சூதாட அழைத்துக்கொண்டிருந்தாள்.

உன் தளம் கிடந்தது பசார் வீதியில், இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கடை வைத்திருப்பவனின் சேர்வரில். அவனிடம் போனேன். பிளேன்டீ வரவழைத்தான்.

“ஆள் மவுத்து. தளம் சும்மாதானே கிடக்கு, காக்கா.”

“அது ஜனாஸா அறிவித்தல், தம்பி.”

“அதப் பார்க்கத்தானே ஆக்கள் கூட வாறாங்க” என்று திரையை என் பக்கம் திருப்பினான். வந்தவர்களின் எண்ணிக்கையையும் விளம்பரக் காசையும் பெருமையாகக் காட்டினான். உன் கபுறில் மண் போடும்போது எனக்கு முன்னால் நின்றவன் அவன். தேநீரைத் தொடாமல் எழுந்தேன். “தளத்துட பேரும் என்னட்டத்தான் இரிக்கி” என்றான் பின்னாலிருந்து.

அது பொய் என்று எனக்குத் தெரியும். கடற்கரையில் மீன் வாங்கப் போன ஒரு காலையில் நீ சொல்லியிருக்கிறாய்: “பேர் வேற, இடம் வேற மச்சான். இடம் அவன்ட்ட வாடகைக்கு. பேர நான் வெளிய, என்ட பேரில வாங்கி வெச்சிரிக்கன். பிடிக்கல்லண்டா பேரத் தூக்கிக்கிட்டு வேற இடம் போகலாம்.” நான் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதி போதுமாக இருந்தது.

உன் மனைவி, உன் மவுத்துக்காக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடிருக்கும் இத்தாவில் இருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். “எனக்கும் ஆரோ அந்தப் படத்த அனுப்பினாங்க காக்கா. பார்த்ததிலரிந்து சோறு இறங்குதில்ல. அவர்ர பேர எப்பிடியாவது அங்கரிந்து எடுங்க.” உன் கைபேசியைத் திரைக்கு வெளியே நீட்டினாள்.

பெயரைப் பதிந்த நிறுவனத்தில் உன் கணக்கைத் திறக்கும் குறியீடு அந்தக் கைபேசிக்கே வந்தது. வேறோர் இடத்தில் ஹோஸ்டிங் எடுத்து, பெயர் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம்சேர்வர் முகவரிகளை அவர்களிடம் வாங்கி, பழையவற்றின் இடத்தில் எழுதினேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் உடனே மாறவில்லை. நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன், அந்தப் படத்துப் பெண் சிரித்தாள். அஸருக்குப் பிறகும் சிரித்தாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகுதான் போனாள். திரை வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

கடைக்காரனிடம் பழைய அறிவித்தல்களின் பிரதியைக் கேட்டதற்கு, “எல்லாம் அழிஞ்சு போச்சு” என்றான். நான் நம்பவில்லை. கெஞ்சவும் இல்லை. அவன் கை பட்டது வேண்டாம் என்றிருந்தது.

வெறும் தளத்தில் முதலில் எதைப் போடுவது? அப்போதுதான் உறைத்தது: ஊரின் மவுத்தையெல்லாம் எழுதிய உன்னுடைய மவுத்து அங்கே வரவேயில்லை. எழுதினேன். எழுதிவிட்டு உன் வீட்டுக்கு அழைத்தேன். “வீட்டாரிட்டக் கேளாம ஒருத்தரையும் மவுத்தாக்கிராத மச்சான்” என்று சிரிப்பாயே. வாசித்துக் காட்டினேன். உன் மனைவி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

“ஓம் காக்கா, போடுங்க” என்றாள்.

மவுத்தை அறிவிக்கச் சொல்லி உனக்கு வந்த அழைப்புகள் இப்போது எனக்கு வருகின்றன. வீட்டாரிடம் கேட்டுத்தான் போடுகிறேன். விளம்பரம் எதுவும் இல்லை.

அந்தக் கடைக்காரனைப் பள்ளிவாசலில் காண்கிறேன். ஒன்றும் நடக்காதது போல முந்திக்கொண்டு சலாம் சொல்கிறான். பதில் கடமை, சொல்கிறேன். சொன்ன வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருக்கிறது, மச்சான்.