நாலு மணிக் கடி

என்னங்க,

இருமல் இப்போ எப்படி இருக்கு? மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதீங்க. நான் நல்லா இருக்கேன்.

பயப்படாதீங்க, போன வாரம் இந்த ஊர்ல நான் வேலை பார்க்கிற மழலைப் பள்ளியில கையில ஒரு கடி வாங்கினேன். கடிச்சவளுக்கு நம்ம பொண்ணு வயசு, மூணுதான். தினமும் யாரையாவது கடிப்பா. நானும் தேதி, நேரம் போட்டு நோட்டில எழுதிட்டு, அவளை மூலையில தனியா உட்கார வைப்பேன். "திமிர்"னுகூட எழுதியிருக்கேன்.

பெரிய டீச்சர் நோட்டைப் புரட்டிட்டு, "எல்லாமே நாலு மணிக்கு நடந்திருக்கே, பார்க்கலையா?"ன்னாங்க. நாலு மணிக்குத்தான் மத்த பிள்ளைகளோட அம்மாக்கள் வருவாங்க. இவ அம்மா வர அஞ்சரை ஆகும். கதவு திறக்கிறப்பல்லாம் ஓடிப் பார்த்துட்டு ஏமாந்து திரும்புற பிள்ளையைத்தான் மூலையில உட்கார வெச்சிருக்கேன். எழுதினது என் கைதான். எனக்கே படிக்கத் தெரியலை.

இப்போ நாலு மணிக்கு அவ என் மடியில.

நம்ம பொண்ணு போனுக்கு வராம கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சப்போ, "ரொம்பத்தான் கொழுப்பு"ன்னு கத்தினேனே, அதுவும் நோட்டில "திமிர்"னு எழுதின மாதிரிதாங்க. "வேலைக்கு நேரமாச்சு"ன்னு ஒவ்வொரு தடவையும் போனை முதல்ல வைக்கிறது நான்தானே.

அவ பாதத்தைத் தாளில வெச்சுச் சுத்திக் கோடு போட்டு அனுப்புங்க. செருப்பு வாங்கணும், அளவு எனக்குத் தெரியலை. ஞாயித்துக்கிழமை நான் கூப்பிடறப்போ அவளைப் போனுக்கு இழுத்துட்டு வராதீங்க. போனைக் கட்டில் பக்கத்துல வெச்சாப் போதும்.

மணி நாலாகப் போகுது, ஓடணும். இனிமே போனை நான் வைக்க மாட்டேன். அவளே வைக்கட்டும்.