கர்ச்சீப்புக்கு நாலணா

கும்பம் 5, புதன்

விடிஞ்சதுமே வெயில். கைக்கு மருந்து தடவியாச்சு. பிரயோஜனம் இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, புளி கரைச்சா உயிர் போறது.

டாக்டர் நேத்து சொன்னது: "ஆத்துத் தண்ணியில குளிக்கறதை நிறுத்துங்கோ மாமி. பைப் இருக்கோல்லியோ?"

பைப் இருக்கு. ஆனா காலம்பற கடவுல, ஆத்துப் படித்துறையில, இறங்கி கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னாத்தான் எனக்கு நாள் பொறக்கும். கல்யாணம் ஆகி கரமனைக்கு வந்ததுலேர்ந்து அப்படித்தான். அந்தக் கொஞ்ச நேரம் யாருக்கும் சமைக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இன்னிக்குத் தண்ணி கத்திரிப்பூ கலர். பக்கத்து வீட்டு கோமு படியில நின்னுண்டு, "சாயக் கம்பெனியில இன்னிக்கு என்ன கலர்னு யாரையும் கேக்க வேண்டாம், ஆத்தைப் பாத்தாப் போறும்"னா. சிரிச்சேன். அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கம்பெனியிலதான் இவர் கணக்கு எழுதறார். நம்ம சோறு அங்கேர்ந்துதான். திட்டினாலும் மெதுவாத்தான் திட்டணும்.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, தீப்பெட்டி, இவருக்குக் கர்ச்சீப். பழசெல்லாம் மூக்குப்பொடிக் கறை.

கும்பம் 7, வெள்ளி

கம்பெனிக்குக் கோர்ட்டுல அபராதம்! ஆத்தைக் கெடுத்ததுக்கு. இவர் வந்து சொன்னதும் பாயசம் வச்சேன். அவசரத்துல பால் அடிபிடிச்சுடுத்து.

"இனிமே நிறுத்திடுவா, இல்லையா?"

இவர் டம்ளரைக் கீழே வச்சார். "சாயங்காலமே கட்டியாச்சுடி. வக்கீல் எல்லாருக்கும் லட்டு குடுத்தார்."

"அபராதத்துக்கு லட்டா?"

"தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின் வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்னு மேனேஜர் சொல்றார். அடுத்த வருஷத்துக்கும் இப்பவே ஒதுக்கச் சொல்லிட்டார். டெலிபோன், கரண்ட், அபராதம். அந்த வரிசையில."

"நீங்க என்ன சொன்னேள்?"

"என்ன சொல்றது. எழுதினேன்."

எழுந்து போயிட்டேன். பாவம், பாயசத்தை முழுக்கக் குடிச்சார், அடிபிடிச்ச வாசனையோட.

கும்பம் 10, திங்கள்

நானும் கோர்ட் ஆயிட்டேன். பொடிக் கறை பட்ட கர்ச்சீப் ஒண்ணுக்கு நாலணா. தோய்க்கறவ கை இந்த லட்சணத்துல இருக்கு, கொஞ்சமாவது குறையட்டுமேன்னு. ஊறுகாய் பாட்டிலை அலம்பி அலமாரியில வச்சேன், காசு போட.

மனுஷன் என்ன பண்ணினார்? ரெண்டு ரூபாயைப் போட்டுட்டு, "இந்த வாரத்துக்கு அட்வான்ஸ்"ங்கறார்! முன்னெல்லாம் எனக்குப் பயந்துண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பொடி போடுவார். இப்போ கூடத்துல, ஊஞ்சல்ல, காசுதான் குடுத்தாச்சேங்கற கம்பீரத்தோட.

"கம்பெனிப் புத்தி அப்படியே வந்துடுத்து உங்களுக்கு"ன்னேன். சிரிக்க வாயைத் திறந்தவர் என் கையைப் பார்த்துட்டு மூடிண்டார். அப்புறம் தானே பக்கெட்டை இழுத்துப் போட்டுண்டு எல்லாக் கர்ச்சீப்பையும் தோய்ச்சார். ஒண்ணும் வெளுக்கலை. எனக்கு எதுக்கோ அழுகை வந்தது. அவர் பாக்கலை.

பாட்டிலைக் கவிழ்த்து வச்சுட்டேன். கோர்ட் கலைஞ்சது.

கும்பம் 13, வியாழன்

உளுந்து ஊறப்போட மறந்துட்டேன். நாளைக்கு உப்புமாதான்.

கம்பெனி முதலாளியோட அம்மா போன வாரம் காலமாயிட்டா. நாளைக்கு அஸ்தி கரைக்க நம்ம கடவுக்கே வரார். அந்தம்மா சின்ன வயசுல இங்கேதான் குளிப்பாளாம். அஸ்தியை விட்டுட்டு மகன் முழுகி எழுந்திருக்கணும், அதுதான் முறை.

இவர் சொல்றார், முந்தாநாளே மேனேஜர் உத்தரவாம். சாயத்தண்ணி ஒரு சொட்டு ஆத்துல விழப்படாது.

"அப்படி நிறுத்த முடியுமா என்ன?"

"வால்வு இருக்கே. மூடித் தொட்டியில தேக்கினாச் சரி."

மூடினாச் சரியாம். இத்தனை நாளா!

கும்பம் 14, வெள்ளி

தெளிஞ்ச தண்ணி! என் கால் விரல் எனக்குத் தெரிஞ்சது. பொடி மீன் வந்து குதிகாலைக் கடிச்சது. டாக்டர் கிடக்கட்டும், கழுத்து வரைக்கும் நின்னேன். "போறும்டி, ஏறி வா"ன்னு கோமு கத்தினா. யார் கேட்டா.

அப்புறம் முதலாளி வந்தார். ஒத்தை முண்டு, வெறும் மார்பு. முழுகி எழுந்து படியில உக்காந்து குழந்தை மாதிரி அழுதார். பாவமாத்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மை குளிச்ச கடவாணு. வெள்ளம் நல்லதாணு, அல்லே?"ன்னார். தண்ணி நல்லா இருக்கு, இல்லையாங்கறார்.

இவர் அவருக்குத் துண்டு வச்சுண்டு பின்னால நிக்கறார். வேண்டாம்டின்னு கண்ணாலேயே கெஞ்சறார்.

நான் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். "இன்னு நல்லதாணு சாரே. நாளைக்கு?"

மலையாளம் பாதியில தமிழாயிடுத்து. புரிஞ்சது அவருக்கு. கையையே பார்த்தார். அப்புறம் காருக்குப் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடலை. "வேலை போயிடுத்துன்னா என்னடி பண்றது?"

"அப்பளம் இட்டு விக்கறேன்."

"இந்தக் கையாலயா?" பிடிச்சுண்டார். தேங்காயெண்ணெய் தடவி விட்டார், ஒவ்வொரு விரலா. சாயங்காலம் முழுக்கப் பொடி போடலை. இந்த மனுஷனைப் போயா பயந்தாங்கொள்ளின்னு இத்தனை வருஷம் திட்டினேன்.

கும்பம் 15, சனி

மறுபடியும் கத்திரிப்பூ. முன்னைவிட அடர்த்தி. தேக்கி வச்ச மூணு நாள் சாயமும் சேர்ந்து வந்திருக்கு. படியில உக்காந்து பார்த்துண்டிருந்தேன், கால் நனைக்காம.

பின்னால செருப்புச் சத்தம். இவர்! எப்பவும் பைப்புல குளிக்கற மனுஷன். ஆபீஸுக்குக் கட்டின சலவை வேஷ்டியோட இறங்கிட்டார்.

"ஏன்னா, சாயம் ஒட்டும்!"

"ஒட்டட்டும்."

முழுகி எழுந்தா வேஷ்டி முழுக்கத் திட்டுத் திட்டா ஊதா. மாத்து வேஷ்டி எடுத்துண்டு வரேன்னேன். வேண்டாம்னுட்டார். "இதோடதான் ஆபீஸ். நேரே முதலாளி ரூம். எழுதின அடுத்த வருஷ அபராதத்தை அடிக்கப்போறேன், இனிமே எழுதமாட்டேன்னு சொல்லப்போறேன். இந்த வேஷ்டியைப் பார்த்துண்டே கேக்கட்டும்."

சட்டைப் பொத்தான் ஒண்ணுகூடச் சரியாப் போட வரலை அவருக்கு. நான் போட்டு விட்டேன். தம்பானூர் பஸ்ஸுல ஏறும்போது கண்டக்டர், "எந்தா ஸ்வாமி இது?"ன்னான். இவர் டிக்கெட் மட்டும் வாங்கிண்டார்.

சாதம் வடிச்சாச்சு. என்ன ஆறதோ. பொடி டப்பா ஜன்னல்லயே இருக்கு. மறந்தாரா, வேணும்னே வச்சுட்டுப் போனாரா, தெரியலை. அந்த மனுஷனுக்கு இன்னிக்கு ஒரு சிட்டிகை வேணும்.

அடுப்பைப் பார்த்துக்கோன்னு கோமுகிட்ட சொல்லியாச்சு. டப்பாவை நானே ஆபீஸுக்குக் கொண்டு போறேன். புதுக் கர்ச்சீப்பும் ஒண்ணு. நாலணா வேண்டாம்.